இடக்கைப் பக்கம் நர்மதை

"இன்னும் எவ்வளவு தூரம்மா?" என்றார் படகின் முனையில் உட்கார்ந்திருந்த வெள்ளை வேட்டிக்காரர்.

"கௌர் என்ன கடலா மகாராஜ்? கிளையாறு. துப்பினா அக்கரையில விழும். பனியில மெதுவாத்தான் போகணும்" என்றாள் துலாரி.

தை மாதத்து விடியல். துடுப்பின் நுனிகூடத் தெரியவில்லை.

"பதினாலு மாசமா நர்மதையைச் சுத்தி நடக்குறேன். அவ என் வலக்கைப் பக்கத்தை விட்டு விலகினதே இல்ல. கிளையாறுகளைத் தாண்டலாம். அவளை மட்டும் தாண்டக் கூடாது. தாண்டினா நடந்ததெல்லாம் வீண். சரிதானே?"

படகில் ஏறும்போதே அவர் சொன்ன ஒரு 'சரிதானே'வை வைத்துத் துலாரி ஆளை அடையாளம் கண்டிருந்தாள். ஹர்பிரசாத் படேரியா. ஜபல்பூர் குவாரிகாட் துறையில் பதினோரு படகுகளுக்குச் சொந்தக்காரராக இருந்தவர். ஒரு துடுப்பைக்கூடத் தொட்டதில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் பண்டிகைக் கூட்டத்தில் அவர் படகு ஒன்று கவிழ்ந்தது. செத்த ஏழு பேரில் அதை ஓட்டிய கோரேலாலும் ஒருவன். துலாரியின் புருஷன். "ஓட்டினவன் குடிச்சிருந்தான், சரிதானே?" என்று போலீஸ் முன்னால் மற்ற படகோட்டிகளிடம் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கோரேலால் ஹோலிக்குக்கூடக் குடித்ததில்லை. அதன் பிறகு குவாரிகாட்டில் குடிகாரன் பெண்டாட்டிக்கு யாரும் படகு தரவில்லை. மகளுக்கு வந்த வரன் இரண்டு முறை பாதியில் நின்றது. நகரத்தைத் தாண்டி, கௌர் நர்மதையில் விழும் இந்த முனைக்கு வந்து, ஓட்டைப் படகொன்றைத் தாரடித்துத் துலாரி தானே துடுப்பு பிடித்தாள்.

"எதுக்கு மகாராஜ் இத்தனை நடை?"

"ஒரு பாரம். என் படகு ஒண்ணு கவிழ்ந்துபோச்சு. ஏழு உசிரு."

துலாரி துடுப்பைத் தூக்கிப் பிடித்தாள். தண்ணீர் சொட்டியது. உண்மையைச் சொன்னால் கௌரின் அக்கரையிலேயே இறக்கிவிடலாம் என்று நினைத்தாள். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"ஏன் கவிழ்ந்துச்சு?"

அவர் குனிந்து ஆற்றில் கைகளை நனைத்துக் கும்பிட்டார். "படகுக்காரப் பய குடிச்சிருந்தான். என்ன செய்யுறது?"

துலாரி படகின் மூக்கை வலப்பக்கம் திருப்பினாள். கௌர் நர்மதையில் விழும் வாய் பின்னால் போனது. இழுப்பு கூடியது. அரைமணி நேரம் வலித்தாள்.

"கிளையாறு பெருசா இருக்கே?"

"மேல மழை மகாராஜ்."

அவர் மணலில் இறங்கி, "நர்மதே ஹர்" என்று கும்பிட்டுக் கோலை ஊன்றி நடந்தார். துலாரி காத்திருந்தாள். பனி கிழிந்தது.

"படேரியாஜி! நீங்க நடக்குற திசையில, சூரியனைப் பாத்து நில்லுங்க. ஆறு எந்தக் கைப்பக்கம்?"

அவர் நின்றார். இடக்கையைப் பார்த்தார். கோல் விழுந்தது.

"அடிப்பாவி! யாருடி நீ?"

"கோரேலால் பொண்டாட்டி. குடிக்காமத்தான் ஓட்டினேன். சரிதானே?"

மறுநாளும் பனி இருந்தது. துலாரி ஒன்பது பேரை கௌரின் அக்கரையில் விட்டாள். அவர்களில் இரண்டு பேர் நர்மதையைச் சுற்றுகிறவர்கள். அவர்களையும் கௌரின் அக்கரையில்தான் இறக்கினாள். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் நடையை முதலிலிருந்து தொடங்க, புறப்பட்ட இடமான ஓங்காரேஷ்வருக்குப் பஸ் ஏறினாராம் என்று பால்காரன் சொன்னான். மத்தியானம் படகில் ஒரு பலகை பெயர்ந்திருந்தது. தார் காய்ச்சினாள்.