சார்ஜில் இருக்கும்போது எடுக்கக்கூடாது

பாண்டீஸ்வரியின் வீட்டில் போன் சார்ஜில் கிடந்தால் தொடக்கூடாது. மணி அடித்தாலும் எடுக்கக்கூடாது. வீட்டில் இருப்பதே அவள் ஒருத்திதான். சட்டம் போட்டதும் அவள்தான், அதற்குப் பயந்து நடந்ததும் அவள்தான்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அவள் கணவன் மாரிச்சாமி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மோட்டார் பார்த்தவன். ஒரு மழைநாளில் ஈரக்கையோடு ஒயரைத் தொட்டான், உயிர் அங்கேயே போய்விட்டது. மகள் யோகேஸ்வரி அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அதன்பிறகு கரண்ட் ஓடுகிற எதையும் தொடக்கூடாது என்று அந்தப் பிள்ளையை அடித்து மிரட்டித்தான் வளர்த்தாள். வேறு எப்படி வளர்ப்பாள்?

யோகேஸ்வரி இப்போது கல்யாணமாகித் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறாள். அவளுக்குப் பேச ஒழிவது சாயங்காலம்தான். பாண்டீஸ்வரிக்குப் பகலெல்லாம் தறிக்கூடத்தில் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலை. வீடு திரும்பும்போது போனில் உயிர் இருக்காது. ஏதோ பழைய போனுக்கு வந்த சின்ன சார்ஜரில் போடுவாள். அது ஏறி முடிவதற்குள் ஊரே அடங்கிவிடும்.

நடுவில் மகள் கூப்பிடுவாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பேசலாமே என்றால், பாதியில் பிடுங்கினால் பேட்டரி கெட்டுவிடும் என்று தறிக்கூடத்தில் எவளோ சொல்லிவைத்திருந்தாள். அதனால் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் மகள் பெயர் மின்னி மறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அழுகை அழுகையாக வரும். காலையில் இவள் கூப்பிட்டால் அவள் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பாள். நாளாக ஆக, சாயங்காலம் மணி அடிப்பதே நின்றுபோனது.

போனில் சார்ஜர் சொருகுகிற பின் ஆட்டம் கண்டதால்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் ரிப்பேர் பார்க்கும் சாம்சன் கடைக்குப் போனாள். அவன் பின்னை மாற்றி, புது சார்ஜரில் சொருகி, நடுவில் எவ்வளவு கரண்ட் ஏறுகிறது என்று காட்டும் ஒரு குட்டி மீட்டரையும் மாட்டினான். பிறகு சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போனை எடுத்துக் காதில் வைத்தான்.

"ஏலே, கீழ வையி!" என்று கத்திவிட்டாள்.

"எக்கா, பயப்படாதிய. லைன்ல வர்ற கரண்ட்ட சார்ஜர் வெளியவே கொறச்சிருது. அதுவும் சும்மா உள்ள தள்ளாது. போனுக்குள்ள ஒரு சிப்பு இருக்கு. அது எம்புட்டு கேக்குதோ அம்புட்டுதான் போகும். செத்த நேரம் இந்த நம்பரப் பாருங்க."

காலியாக இருந்தவரை வேகமாக ஏறிய கரண்ட், பேட்டரி நிறைய நிறையக் குறைந்துகொண்டே வந்தது. நிறைந்ததும் அதுவே நின்றுவிடும் என்றான்.

"பாதில பிடுங்குனா?"

"ஒண்ணும் ஆகாது. சுத்தமா காலியாக விடுறதுதான் கெடுதல். டூப்ளிகேட் சார்ஜர் வேண்டாம், தலையணைக்கு அடியில வைக்க வேண்டாம். அம்புட்டுதான்."

அப்படியென்றால் இத்தனை காலம் மகளை எதற்குக் கூப்பிடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று, வாங்கிய புது சார்ஜரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் புது சார்ஜரில் போனைச் சொருகி, ஸ்விட்சைப் போட்டாள். ஒயர் தொங்கத் தொங்க மகளைக் கூப்பிட்டாள். வெகுநேரம் அடித்தபிறகு யோகேஸ்வரி எடுத்தாள்.

"எம்மா, ஒனக்கு ஒண்ணுமில்லயே? இந்நேரம் கூப்பிடமாட்டியேன்னு பயந்து எடுத்துட்டேன். போன் சார்ஜ்ல கெடக்கு. ஏறுனதும் பொறவு கூப்பிடுதேன், வையி."

"ஏட்டி, செத்த இரு, அதெல்லாம் ஒண்ணும்..."

வைத்துவிட்டாள். பாண்டீஸ்வரி மறுபடி கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மகள் அங்கே போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அம்மா பெயர் மின்னி மறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். யோகேஸ்வரி சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.