அருவி இல்லாத ஊர் தேனருவி

கரியாலூர் தேனருவி பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவன் நான். இன்று கச்சிராயபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் சிவப்புச் சட்டையோடு வேனை விட்டு இறங்கியதும், ஊதாமலே எனக்கு மூச்சு வாங்கியது.

எதிரே நீலச் சட்டையில் இன்னொரு செட். அவர்களுடைய பெரிய டிரம்மிலும் ‘தேனருவி’ என்றே எழுதியிருக்கிறது!

பெண் வீட்டார் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். களமருதூர் மாப்பிள்ளை வீட்டாரோ தங்கள் ஊர் செட்டுக்குச் சொல்லியிருக்கிறார்கள். “தேனருவிக்குச் சொல்லியாச்சு” என்று போனில் பேசிக்கொண்டபோது, ஒரே செட்தான் என்று இரு வீட்டாருமே நினைத்தார்களாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏங்க, எங்க மலையில அருவி கொட்டுது, பேரு வெச்சோம். உங்க ஊர்ல ஏதுங்க அருவி?”

அவர்களுடைய டிரம்மர் அசரவில்லை. “எங்க ஏரி மதகு தொறக்கசொல்ல வந்து பாருங்க. அப்புறம் இன்னான்னு பேசுங்க.”

அதற்குள் மாப்பிள்ளை கார் வந்துவிட்டது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, இரண்டு செட்டும் வாசித்தோம். அந்த டிரம்மர் அடித்த அடிக்கு என் டிரம்பெட் தானாக ஏறியது. மாப்பிள்ளையே காரிலிருந்து குதித்து ஆடினார்.

முடிந்ததும் பெண்ணின் அப்பா ஓடி வந்து எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். “சின்னவ கல்யாணத்துக்கும் நீங்கதாங்க. இதே மாரி செவப்புல பாதி, நீலத்துல பாதியா வந்துடுங்க!”

கிளம்பும்போது டிரம்மர் வேன் பக்கம் வந்தார். “மதகு தொறந்தா போன் பண்றேங்க. வந்து பாத்துட்டுப் போங்க.”

வேறு ஏதாவது ஊரில் மூன்றாவது தேனருவி இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். பச்சைச் சட்டை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.