பதினொரு பேரின் தையல்

எங்கள் மாதர் சங்கத்தின் பத்தாம் ஆண்டறிக்கை அச்சுக்குப் போகிறது. அதில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது: "தொடக்க ஆண்டுகளில் பதினொரு மாணவிகள் கல்வி கற்றனர், சலேஹா பீவி தையல் வகுப்பை நடத்தினார்." செயலாளர் என்ற முறையில் அதை எழுதியவள் நான்தான். பார்க்க லட்சணமான வாக்கியம். ஆனால் பொய். எங்கள் சங்கத்தில் தையல் வகுப்பு என்று ஒன்று ஒருநாளும் நடந்ததில்லை. நடந்ததைத் தனியாக எழுதுகிறேன். யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

1927-இல் ஞானப்பூ டீச்சர் வீடு வீடாக ஏறி இறங்கினார். பினாங்குத் தமிழ்ப் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். கதவைத் திறந்த ஆண்கள் எல்லாரும் ஒரே பாடத்தைத்தான் ஒப்பித்தார்கள்: "பொம்பளை படிச்சு யாருக்கு லெட்டர் போடப் போறா?" என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. அவர் மட்டும் கொஞ்சம் நாகரிகமாக, "தையல்னா பரவால்ல டீச்சர், வீட்டுக்கு உதவும்" என்றார். டீச்சர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். தையல் வகுப்பு என்று கேட்டதும், குயின் தெருத் துணிக்கடை முதலாளி பக்கிரிசாமி பிள்ளை தன் கடை மாடியை இனாமாகத் தந்தார். பெண்கள் தைத்தால் அவருக்குத் துணி விற்கும் அல்லவா? 'மாதர் தையல் வகுப்பு' என்று ஒரு பலகையும் மாட்டினார். புதனும் சனியும் பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தப் பலகையின் கீழே உட்கார்ந்து நாங்கள் ஆனா ஆவன்னா எழுதினோம்.

சலேஹாக்கா சூலியா தெருத் தையற்காரர் ஒருவரின் மகள். எட்டு வயதில் கடைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கத் தொடங்கியவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கணவர் காய்ச்சலில் போனபிறகு, அதே தெருவின் பின்சந்தில் ஒரு தையல் மெஷினை வைத்துத் தனியாகப் பிழைத்தார். குர்ஆன் ஓதுவார். தமிழில் ஓர் எழுத்து தெரியாது. அளவெடுத்தால் எழுதிவைக்க முடியாதே! அதனால் ஆளுக்கு ஒரு கயிறு எடுத்து, தோளுக்கு ஒரு முடிச்சு, கைக்கு ஒரு முடிச்சு என்று போட்டுச் சுவரில் தொங்கவிட்டிருப்பார். எதற்குப் படிக்க வந்தீர்கள் என்று டீச்சர் கேட்டபோது, "நம்ம தெருவுல எல்லாச் சுவரும் என்னமோ சொல்லிக்கிட்டே இருக்கு டீச்சர். எனக்கு மட்டும் சொல்ல மாட்டேங்குது" என்றார்.

அவர் சிலேட்டுப் பிடித்தது இரண்டே வாரம். மூன்றாம் வாரம் எங்களோடு படித்த நூர்ஜான் அழுதுகொண்டே வந்தாள். 'தச்சதைக் கொண்டாந்து காட்டு, இல்லாட்டி இனிமே போகாதே' என்று அவள் புருஷன் சொல்லிவிட்டானாம். சலேஹாக்கா சிலேட்டைக் கீழே வைத்தார். ஒரு மணி நேரத்தில் ஒரு குழந்தைச் சட்டை தைத்து அவள் மடியில் போட்டார்.

"இத நீ தச்சேன்னு சொல்லு. நம்பணும்ல, அதான் வேணும்னே கொஞ்சம் அசிங்கமாத் தச்சிருக்கேன்" என்றார்.

அடுத்த வாரம் லெட்சுமியின் மாமியார் கேட்டார். அதற்கடுத்து என் வீட்டுக்காரர். பிறகு ஆளுக்கு மாதம் ஓர் உருப்படி என்று, எங்கள் பதினொரு பேருக்கும் அவரே தைத்தார். தைப்பதற்கு வெளிச்சம் வேண்டுமே! ஜன்னலோரம், கரும்பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஐந்து வருடம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கை இருக்கிறதே, அது செய்யாத பித்தலாட்டம் இல்லை. லெட்சுமி அவசரக்காரி, அவளுக்கு நீள நீளத் தையல். நான் எதையும் நேராக வைக்கத் தெரியாதவள், அது என் வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும், ஆகவே என் தலையணை உறைகள் கோணலாக வந்தன. மாதம் போகப் போகக் கோணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். "பரவால்லியே, தேறிட்டே" என்று என் வீட்டுக்காரர் மெச்சியபோது நான் வெட்கமில்லாமல் சிரித்தேன்.

வகுப்பு நடக்கும்போது முதுகைத் திருப்பியபடியே, "நூர்ஜான், அது நெடில், இழுத்துச் சொல்லு" என்று திருத்துவார். நாங்கள் கொல்லென்று சிரிப்போம். சிரித்தோமே தவிர, ஒருத்திக்கும் அதற்குமேல் தோன்றவில்லை. நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

1932-இல் சங்கத்தைச் சர்க்காரில் பதிவு செய்ய மனு எழுதினோம். பதினொரு பேரும் பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்டோம். கடைசியாக சலேஹாக்கா வந்தார். கட்டைவிரலை மையில் அழுத்தி ஒற்றினார். ஒற்றிவிட்டு அந்தக் கறுப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"அக்கா, ஆண்டு விழாவுல தையல் கண்காட்சி வைக்கணும்னு முதலாளி சொல்றார். ஆளுக்கு ரெண்டுன்னா இருபத்திரண்டு உருப்படி. மூணு வாரம் போதும்லா?" என்றேன்.

அவர் விரல் மையை முக்காட்டு நுனியில் துடைத்தார். ஊசியை நூல்கண்டில் குத்திப் பெட்டியை மூடினார்.

"தைக்க மாட்டேன்."

"ஏங்க்கா?"

"நான் இங்க படிக்க வந்தவ புஷ்பா."

எங்களுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்களுக்கு என்னக்கா, கேக்க ஆளில்ல. நாங்க வீட்டுல போய்ப் பதில் சொல்லணும்." கணவனை இழந்தவளிடம் பேசுகிற பேச்சா இது?

அவர் குரலை உயர்த்தவில்லை. "போய்ச் சொல்லு. அஞ்சு வருஷமா எதுக்குப் படிச்சே?" என்றார்.

அன்றே அவர் முன்பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். டீச்சர் மூன்று வாரமும் தினமும் அவருக்குப் பாடம் எடுத்தார். காது ஐந்து வருடம் படித்து முடித்திருந்தது, கண்ணுக்குத்தான் பாடம் பாக்கி. நாங்கள் கண்காட்சிக்குத் தைத்துப் பார்த்தோம். பதினொரு பேர் சேர்ந்து ஒரு கைக்குட்டை முடித்தோம். அதுவும் கைக்குட்டை என்று சொன்னால்தான் தெரியும்.

விழா ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அதே மாடியில். ஆண்கள் நாற்காலிகளை நிரப்பியிருந்தார்கள். பிள்ளை பலகைக்குப் புது வண்ணம் பூசி, தன் பெயரையும் சேர்த்து எழுதவைத்திருந்தார். நீள மேஜையில் வெள்ளை விரிப்பு, அதன் நடுவில் அந்தக் கைக்குட்டை.

"சாமானெல்லாம் எங்கம்மா?" என்றார் பிள்ளை.

சலேஹாக்கா திரும்பி என்னைப் பார்த்தார். எழுந்தேன்.

"தைக்கலைங்க. படிச்சோம்."

"அஞ்சு வருஷமாவா?"

"அஞ்சு வருஷமும்."

என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "அப்ப தலகாணி உறை?"

"சலேஹாக்கா தச்சது."

"அந்தக் கோணலு?"

"அதுவும் அவங்கதான்."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். பிள்ளையின் முகம் சிவந்தது. "ஓகோ, படிச்சீங்களா? எங்க, படிச்சுக் காட்டட்டும் பார்ப்போம்!" என்று முன்பெஞ்சைக் காட்டினார். விரல் போய் நின்றது சலேஹாக்காவிடம். எங்கள் பதினொரு பேரில் யாரைக் காட்டியிருந்தாலும் பத்திரிகையையே வாசித்திருப்போம். அத்தனை பேரில் மூன்று வாரப் படிப்புக்காரியைத்தானா காட்ட வேண்டும்?

"நான் படிக்கிறேங்க..." என்று தொடங்கினேன்.

"நீ உக்காரு புஷ்பா" என்றார் சலேஹாக்கா.

எழுந்து நின்று, சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். விரலை நீட்டி ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டு போவதுபோல் காற்றில் நகர்த்தினார். "பக்... பக்கிரி... பக்கிரிசாமி." அடுத்த சொல்லில் நின்றுவிட்டார். தலையில் யானைத் துதிக்கைபோல் சுழி போட்ட அந்த ளை எழுத்து அவருக்கு எப்போதும் தகராறு. நான் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை" என்றார். "பக்கிரிசாமி பிள்ளை உபயம். மாதர். தையல். வகுப்பு."

முடித்துவிட்டுப் பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"முதலாளி, நானாப் படிச்ச மொதச் சுவரு இதுதான். இதுல எழுதியிருக்கிறது பொய். இறக்கிருங்க."

பிள்ளை பலகையை இறக்கினார். மறுநாள் மாடியையும் பூட்டினார். நூர்ஜானை அவள் புருஷன் நாலு மாதம் வெளியே விடவில்லை. ஐந்தாம் மாதம் அவளாகவே புறப்பட்டு வந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் எட்டு நாள் என்னோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. சங்கம் சூலியா தெருப் பின்சந்துக்குக் குடிபோனது. முடிச்சுக் கயிறுகளின் கீழே உட்கார்ந்து படித்தோம். இப்போது நாற்பது பேர் இருக்கிறோம், பெண்பிள்ளைகளுக்கு மாலைப் பள்ளியும் நடத்துகிறோம். கயிறுகள் இன்னும் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய அட்டை ஒன்று கட்டியிருக்கிறது, அவர் கையெழுத்தில்.

இதை எழுதி முடித்து, அறிக்கையோடு சேர்த்து நேற்று அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மெஷினை நிறுத்திவிட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல் வைத்து நிதானமாகப் படித்தார். தையல் வகுப்பு என்ற இடத்தில் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. பென்சிலை வாங்கி, 'பதினொரு மாணவிகள்' என்ற இடத்தில் பதினொன்றை அடித்தார்.

"பன்னெண்டுடி. என்னைய எங்க விட்டே?" என்றார்.