இரண்டாம் தரம் கேட்ட பூ

ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையில் அந்த வருஷம் இரண்டே பேர் தேறினோம், நானும் என் சிநேகிதனும். மேலே படிக்கப் புதுச்சேரிக்குத்தான் போகவேண்டும். அங்கே இரண்டு காலேஜ்கள். சர்க்கார் காலேஜில் பிரெஞ்சு. படித்தால் பிரெஞ்சுக்காரர்களின் சைகோனில் உத்தியோகம் என்பார்கள். பாதிரிச் சாமியார்கள் நடத்திய காலேஜில் இங்கிலீஷ். பிரிட்டிஷ் எல்லைக்குள் வேலை. இந்தக் காலேஜ் பிள்ளைகளைக் கண்டால் அந்தக் காலேஜ் பிள்ளைகளுக்கு ஆகாது.

சிநேகிதன் ஒரே நாளில் சர்க்கார் காலேஜ் என்று சொல்லிவிட்டான். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. சைகோனுக்குக் கப்பலில் போனால் அம்மா என்ன ஆவாள்? இங்கிலீஷ் வாயில் நுழையாவிட்டால்?

"இன்னாடா, பொண்ணா பாக்கற? படிப்புதானே!" என்றார் நைனா, கரும்புக்கு மடை திருப்பிக்கொண்டே. "அம்மன் கோயில்ல பூ போட்டுப் பாத்துடுவோம்."

வெள்ளைப் பூப் பொட்டலம் சர்க்கார் காலேஜ், சிவப்பு சாமியார் காலேஜ். தங்கை எடுத்தாள். வெள்ளை. நைனா கன்னத்தில் போட்டுக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார்.

ஒரு தரம் கேட்டால் மறுபடி கேட்கக் கூடாது. தெரிந்தேதான், "இன்னொரு தபா எடுடி" என்றேன்.

"சாமி கண்ணக் குத்தும்" என்று முனகிக்கொண்டே எடுத்தாள். சிவப்பு.

சேர்க்கையின் கடைசி நாள் சிநேகிதனும் நானும் வில்லியனூரில் ரயிலேறினோம். கொம்யூன் ஆபீசில் வாங்கிய பிறப்புச் சீட்டு ஒன்றுதான் என் கையில் இருந்தது. ஒரு காலேஜில்தான் கொடுக்க முடியும். சர்க்கார் காலேஜ் வரிசையில் எனக்கு முன்னால் அவன். அம்மன் முதலில் சொன்னது மெய்யா, பிறகு சொன்னதா? "இதோ வந்துட்றேன்டா" என்று மற்ற காலேஜுக்கு நடந்தேன்.

அங்கே வாசற்காவலர், "எங்கேந்து வர்ற?" என்றார். சர்க்கார் காலேஜ் வரிசையிலிருந்து என்று உள்ளதைச் சொன்னேன்.

"ஓ, அவுங்க கழிச்சு வுட்ட சரக்கா! போ, போ, உள்ள போ" என்று சிரித்தபடி வழிவிட்டார்.

காலெடுத்து வைக்க முடியவில்லை. எவ்வளவு நேரம் எதிர்ச்சுவரோரம் நின்றேனோ, திரும்பி வந்தபோது சர்க்கார் காலேஜ் கதவு சாத்தியிருந்தது.

"எங்கடா போய்த் தொலஞ்ச?" என்றான் சிநேகிதன். "நீ வருவேன்னு பின்னால நின்னவங்களயெல்லாம் முன்ன வுட்டுட்டு நின்னேன்டா. கடசி ஆளு நான்தான்." மற்ற காலேஜுக்கு ஓடினேன். அங்கேயும் முடிந்துவிட்டது.

ரயிலில் அவன் பேசிக்கொண்டே வந்தான். மடித்த சீட்டு என் வேர்வையில் நனைந்தது.

"எடம் இல்லன்னுட்டாங்க நைனா" என்றேன்.

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

வெகுநேரம் மண்வெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். "அம்மன்தானே வெள்ளப் பூவக் குடுத்தா?" என்றார் கடைசியில்.

அதன்பின் நைனா அந்தக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. சாகும்வரை மிதிக்கவில்லை. சிநேகிதன் என்னைக் காட்டிக்கொடுக்காமலே கப்பலேறினான், தங்கை கட்டிக்கொண்டு போன இடத்தில் இரண்டாவது பூவைப் பற்றி வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கழனி வேலை முடித்து நான் மட்டும் போய் அம்மன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். எதையும் கேட்பதில்லை. பழியை அவள் பேரில் போட்டவன் நான் என்பது அவளுக்கும் எனக்கும்தான் தெரியும்.