ஏழு கம்பம் போதும்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை என் மகள் ஷூ போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். கழுத்து வரை போர்வை. போர்வைக்குள்ளே லேஸ் கட்டிய நீல நிற வாக்கிங் ஷூ.

படுக்க வைத்தவள் நான்தான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்கள், நடுவில் சில மாதங்கள் நான் காணாமல் போனதைக் கவனித்திருப்பீர்கள். வெளிநாடு போய்விட்டீர்களா என்றுகூட ஒருவர் கேட்டிருந்தார். சேலத்துக்குத்தான் போயிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு.

மகள் சுகன்யாவுக்கு இருபத்தேழு வயது. ஓசூரில் ஒரு கம்பெனியில் டிசைன் வேலை. விடாத இருமல் என்று காட்டப் போனோம். நுரையீரலில் கேன்சர் என்றார்கள். சிகரெட் பக்கமே போகாத பெண்ணுக்கு எப்படி வரும் என்று கேட்டேன். "வரும்மா" என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையிலிருந்து நான் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை.

வலது நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போது தினமும் மாத்திரை, அவ்வப்போது ஸ்கேன்.

ஆபரேஷன் முடிந்து அதியமான்கோட்டைக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்ததும் நான் என்ன செய்தேன்? எல்லா அம்மாக்களும் செய்வதைச் செய்தேன். படுக்க வைத்தேன். சாப்பாடு கட்டிலுக்கு வந்தது. தண்ணீர் கட்டிலுக்கு வந்தது. எழுந்தால் அதட்டல். ஆறு வாரம் இப்படிப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டதில், பாத்ரூம் வரை நடந்தாலே அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நோய்தான் முற்றுகிறது என்று நடுங்கிப்போய் மறுபடி சேலத்துக்கு ஓடினோம்.

அங்கே பிசியோதெரபி பார்க்கும் பெண் — என் மகளைவிடச் சின்னவள் — எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நோவு செஞ்சது கொஞ்சம்தாங்க. மிச்சம் நீங்க படுக்க வெச்சது."

எப்படி இருந்திருக்கும் எனக்கு?

அவளே வழியும் சொன்னாள். தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும். நடக்கும்போது யாராவது பேச்சுக் கொடுக்க வேண்டும். ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நின்றால் உட்கார்ந்துவிட வேண்டும். இது சுகன்யாவுக்குச் சொன்ன அளவு. உங்கள் வீட்டில் யாருக்காவது என்றால் உங்கள் டாக்டரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். நான் ஆறு வாரம் படுக்க வைத்தவள்.

எங்கள் வீட்டிலிருந்து ஹைவே பஸ் ஸ்டாப் வரை பதினோரு கரண்ட் கம்பங்கள். முதல் நாள் ஒரு கம்பம். அந்த வாரக் கடைசியில் இரண்டு. சுகன்யா முன்னால் நடப்பாள். பின்னால் நான் — ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் பிளாஸ்டிக் ஸ்டூல், பைக்குள் விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் மீட்டர். கம்பத்துக்குக் கம்பம் ஒரே கேள்வி.

"மூச்சு வாங்குதா?"

"மூச்சு வாங்கலம்மா. நீதான் உயிர வாங்கறே."

முழு வாக்கியம். சரி, நடக்கலாம்.

நடக்க நடக்க அவள் மாறினாள். தூக்கம் வந்தது. சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சண்டை வந்தது. ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்துக்கொண்டாள். அதை நான் கதவோரமாக நின்று திருடியைப் போலப் பார்த்தேன்.

பிறகு ஒரு சட்டம் போட்டாள். பதினோராவது கம்பம் வரை நடந்து திரும்பி வந்துவிட்டால், ஓசூருக்கு வேலைக்குக் கிளம்புவது. டாக்டரும் போகலாம் என்று சொல்லிவிட்டார். கம்பெனியிலும் இடத்தை வைத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து எங்கள் நடை ஏழாவது கம்பத்தைத் தாண்டவில்லை. மூன்று வாரமாக ஏழு. "ஏழு போதும், திரும்பலாம்" என்பேன். வெயில் என்பேன், நாய் என்பேன், லாரிப் புகை என்பேன். அவளும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மாலை ஐந்து மணிக்கு வாசலில் லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். போன் வந்தது. பாலக்கோட்டிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா. "ஸ்டாப்புல எறங்கிட்டன். தம்பி வண்டி எடுத்தாந்திருக்கான். புள்ளயப் பாக்க வர்றன்." தக்காளி விவசாயம், இரண்டு முழங்காலிலும் வலி, யாருக்கும் பயப்படாத வாய் — அதுதான் அண்ணி.

போன மாதம் ஒரு சொந்தக்காரர் வந்தபோது சுகன்யா ரோட்டில் நடந்துகொண்டிருந்தாள். அவர் திரும்பிப் போய் ஊரெல்லாம் என்ன சொன்னார் தெரியுமா? ஒரு வீட்டில், "நல்லாத்தான் நடக்குது, கேன்சருன்னு சும்மா சொல்றாங்க போல." அடுத்த வீட்டில், "சீக்காளிப் புள்ளய வெயில்ல நடக்க வுட்டிருக்கா, தாயா அவ?" இரண்டும் ஒரே வாயிலிருந்து.

பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு நோயாளி வேண்டும். கட்டிலில், போர்வையோடு, தலைமாட்டில் ஹார்லிக்ஸ் வைக்க இடம்விட்டு. கொண்டுவந்த சாத்துக்குடியை நடந்துகொண்டிருப்பவரிடம் எப்படிக் கொடுப்பது?

"போய்ப் படு" என்றேன்.

"எதுக்கு?"

"அத்தை வர்றாங்க. படு."

வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டுவிட்டது. ஷூவைக் கழற்ற நேரமில்லை. போர்வையை இழுத்துவிட்டேன்.

அண்ணி வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்தார். ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, ஒரு பை தக்காளி. "கண்ணு..." என்று ஆரம்பித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறுதலாகக் காலைப் பிடித்துவிடப் போனார். கை நின்றது. மறுபடி தடவினார். போர்வையை மெதுவாகத் தூக்கினார்.

"இது என்னா கண்ணு, செருப்போட படுத்திருக்கே?"

"நடக்கப் போயிட்டிருந்தேன் அத்தை. அம்மாதான் படுக்கச் சொன்னாங்க."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "சீக்கா இருக்கிற புள்ளய எதுக்கும்மா நடக்க வுடறே? பேசாம வூட்ல படுத்திருந்தா ஒடம்பு தேறுமில்ல?"

பதில் என் வாயிலிருந்துதான் வந்தது. யோசிக்கவேயில்லை. "படுக்க வெச்சுத்தான் அண்ணி அவள பாத்ரூமுக்குக்கூட நடக்க முடியாம ஆக்கினேன். இப்போ நடந்துதான் சாப்பிடறா, தூங்கறா. மூச்சும் பழகுது. அவ நடக்கணும்."

சுகன்யா என்னையே பார்த்தாள். "அப்பறம் எதுக்கும்மா என்னப் படுக்க வெச்சே?"

நான் காபி போட உள்ளே போனேன்.

அண்ணி காபி குடித்தார். பிறகு எழுந்து சேலையை உதறினார். "சரி, வா. எப்புடித்தான் நடக்கறேன்னு நானும் பாக்கறன். எனக்கும் பஸ்ஸு புடிக்கணும்."

"அவர வண்டியில கொண்டுவந்து விடச் சொல்றேன் அண்ணி" என்றேன்.

"அவன் எப்பவோ டீக் கடைக்குப் போயிட்டான். நட."

மூன்று பேரும் நடந்தோம். முதல் கம்பத்திலேயே அண்ணி தன் ஓரகத்தியைப் பற்றி ஆரம்பித்தார். நிறுத்தவேயில்லை. சுகன்யா சிரித்துக்கொண்டே கேள்வி கேட்டாள், எதிர்க்கேள்வி கேட்டாள், எல்லாம் முழு வாக்கியத்தில். "மூச்சு வாங்குதா" என்று கேட்க எனக்கு இடமே கிடைக்கவில்லை.

ஏழாவது கம்பம். அண்ணி நின்றார். "முட்டி வலிக்குது. அந்த ஸ்டூலக் குடு." உட்கார்ந்துகொண்டார். எத்தனை வாரமாகச் சுமக்கிறேன் அந்த ஸ்டூலை! சுகன்யா பக்கத்தில் நின்று அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

இப்போது சொல்லிவிட வேண்டும், "ஏழு போதும்" என்று. வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணி எழுந்துவிட்டார். "வா கண்ணு, பஸ்ஸு போயிரும்."

எட்டு. ஒன்பது. நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னால். எனக்கு வெயில் காரணமில்லை, நாய் காரணமில்லை. அவள் கண்ணுக்கு எட்டாத ஊரில், பூட்டிய அறையில் இருமினால் எனக்கு யார் சொல்வார்கள்? அதுதான் என் ஏழாவது கம்பம். பத்து.

பதினொன்று.

சுகன்யா கம்பத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியதுதான். மீட்டரை மாட்டினேன். பார்த்தேன். நம்பர் நன்றாகவே இருந்தது. ஏமாற்றமா, நிம்மதியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பஸ் வந்தது. பாலக்கோடு வழி. போர்டில் பெரிதாக 'ஓசூர்'. சுகன்யாதான் அண்ணியின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். பையை வாங்கி உள்ளே கொடுத்தாள். ஜன்னல் வழியாக அண்ணி என்னைப் பார்த்துச் சொன்னார்: "சீக்காளியப் பாக்க வந்தன். அவ என்னய பஸ் ஏத்தி வுடறா. போம்மா, போய் அந்தக் கட்டில மடக்கி வை."

பஸ் கிளம்பியது. சுகன்யா கையசைத்துக்கொண்டிருந்தாள். போர்டு மறைந்த பிறகும்.

திரும்பி நடந்தோம். மெதுவாக. வழியில் இரண்டு முறை அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஓசூரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான். மூன்றாவது கம்பத்துக்கிட்டே வந்தபோது என்னை உற்றுப் பார்த்தாள்.

"என்னம்மா, மூச்சு வாங்குதா? ஒரு முழு வாக்கியம் பேசு, பாக்கலாம்."

பேசினேன்.

"ஓசூருக்கு என்னைக்குக் கெளம்பறே?"

முழு வாக்கியம்தான். நடுவில் ஒரு தரம் நிற்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.