ஆரோக்கியம் காய்ச்சிய கஞ்சி

சூரமங்கலத்துப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நான் நோயாளி தூக்கும் ஆளாக இருந்தபோது, அங்கே கஞ்சி காய்ச்சியவள் ஆரோக்கியம் என்ற கிறிஸ்தவப் பெண். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கொடுத்திருந்த குச்சு வீடும் அந்த அடுப்பும்தான் அவளுக்குச் சொத்து.

அரிசிக் கஞ்சிதான், அமிர்தம் ஒன்றுமில்லை. ஆனால் அரிசியை வறுத்து, நொய்யாக்கி, குழையவிட்டு, துணியில் வடித்து எடுப்பாள். கொதிநீரில் முக்காத கிண்ணத்தைத் தொடமாட்டாள். வாட்டிய வாழையிலையால் மூடிக் கொண்டுபோவாள். ஈ அண்டாது, திறந்தால் ஒரு வாசம் வரும். சாகக் கிடப்பவனும் அந்த வாசத்துக்கு வாயைத் திறப்பான். தலையைக் கையில் ஏந்திக்கொண்டு, ஒரு மடக்கு இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி.

அம்மாபேட்டைத் தறிக்காரர் வீரபாகு மட்டும் வாயைத் திறக்கவில்லை. குடலில் காய்ச்சல். டைபாய்டு என்றார் டாக்டர். "வேதக்காரி காய்ச்சுனது எனக்கு வேண்டாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"கெடந்து சாகுங்க. எமன் வந்து எந்த ஊட்டுக் கஞ்சின்னா கேக்கப்போறான்?" என்றேன்.

"நீ சும்மா இரு நாச்சி" என்று ஆரோக்கியம் வெளியே போனாள். வேப்பமரத்தடியில் வீரபாகுவின் பெண்சாதி பூவாத்தாளும் அவள் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியாள் அடுப்படிக்குள் வரக்கூடாது என்பது அங்கே சட்டம். தெரிந்தேதான் பூவாத்தாளை உள்ளே கூப்பிட்டாள்.

"வா சாமி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு நீயே காய்ச்சு. நான் தள்ளி நின்னு சொல்றேன்."

மனிதர் குடித்தார். காய்ச்சலும் இறங்கியது. இறங்கியதும் பசி வந்தது, அதுதான் வினை.

"நாக்குச் செத்துப்போச்சு புள்ள. ஒரு வாய் சோறு போடு" என்று பெண்டாட்டியை நச்சரித்தார்.

ஆரோக்கியம் அவளைத் தனியாக அழைத்தாள். "தறிப் பாவுல நைஞ்ச நூலை இழுத்தா என்னாகும்?"

"அறுந்துருங்க."

"அவரு கொடலு இப்ப அப்பிடித்தான் இருக்குது. டாக்டர் சொல்ற வரைக்கும் கஞ்சித் தண்ணிதான், கெஞ்சினாலும் குடுத்துறாத."

"சரிங்கக்கா" என்றாள் பூவாத்தாள்.

மறுநாள் மத்தியானம் அவர் வயிறு பலகை போல இறுகிவிட்டது. பொழுது சாயும்போது உயிர் போய்விட்டது. தூக்கும்போது பாயின் அடியில் ஓர் இலைப்பொட்டலம். மிச்சச் சோறும் தட்டைப்பயற்றுக் குழம்பும். ஆரோக்கியம் அதை என் கையிலிருந்து பிடுங்கி அடுப்பில் போட்டாள்.

வெளியே மாமியார்க்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த வேதக்காரி கஞ்சியில என்னத்தையோ கலந்து எம்மவனைக் கொன்னுட்டாளே!"

டாக்டர் வந்து விசாரித்தார். "கஞ்சியில தப்பில்லைங்க. வெளியாளை அடுப்படிக்கு உட்டது நாந்தான்" என்று அதை மட்டும் சொன்னாள் ஆரோக்கியம். பூவாத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறந்தேன். ஆரோக்கியம் என் காலை மிதித்தாள்.

அன்றைக்கே வேலை போயிற்று, குச்சும் போயிற்று. அவள் மூட்டையை ரோடுவரைக்கும் சுமந்துபோன எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "பைத்தியமா உனக்கு? அந்த எலையைக் காட்டியிருந்தா?"

"காட்டியிருந்தா அந்தக் கெழவி அவளை உசுரோட உட்டிருப்பாளா? கெணத்துலதான் கெடப்பா" என்று சொல்லிவிட்டு, எருமப்பட்டியிலிருந்த தம்பி வீட்டுக்குப் போனாள். அங்கே களை வெட்டினாள். கொஞ்ச வருஷத்தில் காய்ச்சல் கண்டு செத்தாள். அவளுக்கு யார் கஞ்சி ஊற்றினார்கள் என்று கேட்டேன். தம்பிக்குத் தெரியவில்லை.

அவளுக்குப் பின் வந்தவன் கிண்ணத்தைப் படுக்கையோரம் வைத்துவிட்டுப் போய்விடுவான். கஞ்சியில் ஆடை படிந்து ஈ மிதக்கும்.

பூவாத்தாள் கேட்டு ஒரு சொட்டுக் கண்ணீராவது விடட்டும் என்று அம்மாபேட்டைக்குப் போய் ஆரோக்கியம் செத்த சேதியைச் சொன்னேன். தறிக்குழியிலிருந்து நிமிர்ந்தாள்.

"எங்கூட்டுக்காரரைக் கொன்னவதானுங்க அவ. சாமி கேட்டுருச்சு."

கிழவி அதற்குள் செத்துப்போயிருந்தாள். வீட்டில் வேறு ஆள் இல்லை, பயந்து பேச அவசியமில்லை. முகத்தை உற்றுப் பார்த்தேன். அது பொய் சொல்கிற முகம் இல்லை. கிழவி சொன்னதை அவளே நம்பிவிட்டாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.