தெரிகிறது என்று சொன்ன மாலை

முன்னால் போனவர் கலைத்துவிட்டுப் போன காற்றுக்கு, பின்னால் வருகிறவர்தான் எப்போதும் ஒதுங்க வேண்டுமா? யாசரின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்திருக்காது. அவருக்கும் வந்திருக்கும். ஆனால் உட்கார்ந்து யோசிக்கிற அளவுக்கு அவருக்குத் தூக்கம் மிச்சமிருந்ததில்லை.

அவர் சின்ன விமானத்தின் கேப்டன். சிங்கப்பூரிலிருந்து பக்கத்து நாட்டு ஊர்களுக்குப் போவதும் வருவதும்தான் வேலை. விடிவதற்குள் பாசிர் ரிஸ் வீட்டிலிருந்து கிளம்பினால், ஏறி இறங்கி ஏறி இறங்கி, திரும்பும்போது இடுப்பு கழன்று தனியாக வருவதுபோல் இருக்கும்.

பெரிய விமானம் ஒன்று இறங்கும்போது அதன் இறக்கை நுனிகளிலிருந்து காற்று சுருண்டு சுழன்று பின்னால் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. காற்றடிக்கும் நாளில் சீக்கிரம் கலைந்துவிடும். இலை அசையாத மாலைகளில்தான் ஆபத்து. அந்தச் சுழல் அப்படியே தொங்கிக்கொண்டு மெல்லக் கீழே இறங்கும். அதற்குள் சின்ன விமானம் நுழைந்தால் ஒரு பக்கமாகப் புரட்டிப் போடும். அதனால் தரையிலிருக்கும் கட்டுப்பாட்டு அதிகாரிகள் இரண்டுக்கும் நடுவே போதிய தூரம் விடுவார்கள்.

ஆனால் வானம் தெளிவாக இருந்தால் சில ஊர்களில் ஒரு கேள்வி வரும்: முன்னால் போகும் விமானம் தெரிகிறதா? ‘தெரிகிறது’ என்றால் சுற்றாமல் சீக்கிரம் இறங்கலாம். அந்த நொடியிலிருந்து இடைவெளி விமானியின் பொறுப்பு. எல்லோரும் தெரிகிறது என்றுதான் சொல்வார்கள். யாசர் மட்டும் எப்போதும் தெரியவில்லை என்பார்.

“கேப்டன், அது ஒரு அடுக்குமாடி புளோக் சைஸுக்கு நிக்குது லா. இதுகூடத் தெரியலன்னா கண் டெஸ்டுக்குப் போங்க” என்று துணை விமானி ஸ்ரீநாத் சிரிப்பான்.

“விமானம் தெரியுதுடா. அது விட்டுட்டுப் போனது உனக்குத் தெரியுதா?”

“அது யாருக்குமே தெரியாதே!”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

லிட்டில் இந்தியாவில் பணமாற்றுக் கடை வைத்திருக்கும் அப்துல் கஃபார், யாசரின் மனைவி ஆயிஷாவுக்கு அண்ணன். யாசர் கடைப்பக்கம் வந்தால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்தே ஆரம்பித்துவிடுவார்.

“என்ன மாப்புள, இன்னும் மினி பஸ்தானா? பெரிய பிளேன்காரங்க ரேடியோவுல பேரோட ‘ஹெவி’ன்னு சேத்துச் சொல்லுவாங்களாமே. நீ எப்ப சொல்லப்போற?”

“சொல்லுவோம் மச்சான்.”

“இப்போதைக்கு உன் தொப்பைதான் ஹெவி” என்று சொல்லிவிட்டு, பக்கத்து டீக்கடையில் இரண்டு தே தாரிக் சொல்லுவார்.

பெரிய விமானம் வெறும் பெருமை இல்லை. நீண்ட பயணம், ஒரே ஒரு இறக்கம், பிறகு வீட்டில் நாள்கணக்கில் ஓய்வு. ஆயிஷாவுக்கு வேண்டியது அதுதான். சோற்றுத் தட்டின் முன்னால் கணவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவதைப் பார்த்துப் பார்த்து அவர் அலுத்திருந்தார். பெரிய விமானத்துக்கு மாற யாசரின் முறை வந்துவிட்டது என்று தெரிந்ததும், பகலில் தூங்க வசதியாக அறை ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் திரைத்துணி வாங்கி வைத்தார். பரிசோதனை விமானி ஒருவர் கூடவே பறந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

வந்தவர் ரமணன். அன்றைய கடைசி இறக்கம் பக்கத்து நாட்டு ஊர் ஒன்றில். மாலை, காற்றே இல்லை. முன்னால் ஒரு பெரிய விமானம் வெயிலில் பளபளத்துக்கொண்டு இறங்கியது. சுற்றிவர நேரமாகும் என்று நினைத்து, யாசர் விமானத்தின் பின்பகுதியிலிருந்த பணிப்பெண் திவ்யதர்ஷினிக்கு, அவசரமில்லை, தள்ளுவண்டி வேலையை மெதுவாக முடியுங்கள் என்று சொல்லியிருந்தார்.

ரேடியோவில் அந்தக் கேள்வி வந்தது. யாசர் வாயைத் திறப்பதற்குள் விமானி அறையின் பின்னிருக்கையில் ரமணன் தொண்டையைச் செருமினார்.

“யாசர், உங்களைப் பத்தி ஒரு பேச்சு இருக்கு. தெரிஞ்சாலும் தெரியலன்னுதான் சொல்வீங்களாம். பெரிய பிளேனுக்குப் போறவர் இப்படிப் பயப்படலாமா?”

யாசர் ஜன்னல் வழியே பார்த்தார். விடியலிலிருந்து பறந்த களைப்பு. வீட்டில் பிரிக்காமல் கிடந்த திரைத்துணி.

“தெரிகிறது” என்றார்.

பாதை குறுகியது. ஓடுபாதை நேரே வந்து நின்ற நேரத்தில், இடது இறக்கை யாரோ பிடித்து இழுத்ததுபோல் விழுந்தது. யாசர் கட்டுப்பாட்டுப் பிடியை எதிர்ப்பக்கம் முழுக்கத் தள்ளினார். ஒரு மூச்சு நேரம் விமானம் கேட்கவே இல்லை. ஜன்னல் முழுக்க வயல்கள். பிறகு மெல்ல நிமிர்ந்தது. இயந்திரங்களுக்கு முழு வேகம் கொடுத்து மேலே ஏறி, நன்றாகச் சுற்றிவந்து இறங்கினார்.

பயணிகளுக்கு ஒன்றுமில்லை. தள்ளுவண்டியைப் பூட்டிக்கொண்டு நின்ற திவ்யதர்ஷினி மட்டும் சுவரில் மோதி, தோளெலும்பு முறிந்து தரையில் கிடந்தாள். யாசர் போய் அருகில் மண்டியிட்டார்.

“அவசரமில்லன்னு சொன்னீங்களே, கேப்டன்” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, புரியாமல்தான் கேட்டாள்.

விசாரணை நடந்தது. காற்றில்லாத வானிலைதான் காரணம், யார் மீதும் தவறில்லை என்று முடித்தார்கள். முன்னால் போன விமானத்தின் கேப்டனுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது. அந்த நேரத்துக்கு அவர் டாக்ஸியில் போய்க்கொண்டிருந்திருப்பார். ரமணன் தன் அறிக்கையில் யாசரின் கை நிதானத்தைப் பாராட்டியிருந்தார். தான் தொண்டையைச் செருமியதைப் பற்றி அதில் எதுவும் இல்லை. யாசரும் அதை யாரிடமும் சொல்லவில்லை. பெரிய விமானப் பயிற்சிக்கு வரலாம் என்று நிர்வாகம் அழைத்தது.

“மாப்புள, புரட்டிப் போட்டதையே பிடிச்சு நிறுத்திட்டியாமே! இனிமே நீயும் ஹெவிதான்” என்று அப்துல் கஃபார் கடையை விட்டு வெளியே வந்தே கட்டிப்பிடித்தார். யாசர் தே தாரிக்கைப் பாதி குடித்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போய், பெரிய விமானம் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆயிஷா கேட்டார், அழுதார். அப்துல் கஃபார் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். யாசர் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து, உள்ளங்கையால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாரே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. கறுப்புத் திரைத்துணியை ஆயிஷா ஒருநாள் ஜன்னலில் மாட்டினார். விடிவதற்கு முன்பே கிளம்பிப் போகிறவருக்கு அது எதற்கு என்று அவரும் சொல்லவில்லை.